‘மனசு எங்கே இருக்கு?’ என்று கேட்காதீர்கள்!

சங்கராபுரம் கடைவீதியில் ஒரு மளிகைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கணவர் சரக்குப் போடுவார். முப்பத்திரண்டு வயது மனைவி கல்லாவில் உட்கார்ந்து மனக்கணக்கிலேயே பில் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் கொஞ்ச நாளாகத் தடுமாறுகிறார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து போகிறார். நாலு பேர் ஒரே சமயத்தில் சாமான் கேட்டால் திணறுகிறார்.

“ஏம்மா, ரெண்டு தடவை சொல்லிட்டேனே... மனசு எங்கே இருக்கு?” என்கிறார் மாமியார்.

“கேட்டுச்சு அத்தை. ஆனா புடிச்சு வெச்சுக்க முடியலை...”

போன வருஷம் அவருக்கு ஒரு கண் மங்கி, சில வாரங்களில் தானாகச் சரியானது. பிறகு ஒருமுறை கால் மரத்துப் போனது. அதையும் இதையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. ‘வீட்டு வேலையில் அக்கறை இல்லை’ என்று ஒரு பேச்சு, ‘காத்து கருப்பு’ என்று ஒரு பேச்சு. கடைசியில் கணவர் கணக்கு நோட்டையே வாங்கிக்கொண்டுவிட்டார்.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் எம்.எஸ். நோய் வந்த பல வீடுகளில் நடப்பது இதுதான்.

அதென்ன எம்.எஸ்.?

எம்.எஸ். என்றதும் நமக்கு சங்கீதம்தான் ஞாபகத்துக்கு வரும்! இது மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்கிறார்கள். பெயரில் தண்டுவடம் இருந்தாலும் மூளையும் சேர்ந்துதான் பாதிக்கப்படுகிறது. பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் ஆரம்பிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். 2020-ல் எடுத்த கணக்கின்படி உலகம் முழுவதும் சுமார் 28 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது.

மிக்ஸி வயரைப் பாருங்கள். உள்ளே செம்புக் கம்பி, மேலே பிளாஸ்டிக் உறை. நம் நரம்பு இழைகளுக்கும் ‘மயலின்’ என்ற கொழுப்பு உறை உண்டு. உறை உள்ள இழையில் செய்தி விநாடிக்கு நூறு மீட்டர் வேகம்வரை தாவிப் பாயும். உறை இல்லாத இழையில் ஒன்றிரண்டு மீட்டர் வேகத்தில் ஊர்ந்துதான் போகும். எம்.எஸ். வந்தவர்களுக்கு, கிருமிகளோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தியே இந்த உறையைத் தாக்கி அங்கங்கே தழும்பாக்கிவிடுகிறது. கண் நரம்பில் தாக்கினால் பார்வை மங்கும். தண்டுவடத்தில் தாக்கினால் கால் மரக்கும். யோசனைக்கான பாதைகளில் தாக்கினால்?

யோசனை தாமதமாகும்!

எது குறைகிறது, எது குறைவதில்லை?

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. பாரிஸ் நகர டாக்டர் ஷார்கோ 1868-ல் இந்த நோயை விவரித்தபோதே, நோயாளிகளின் ஞாபகம் தளர்வதையும் எண்ணங்கள் மெதுவாக உருவாவதையும் கவனித்தார். ஆனால் வெகுகாலம் டாக்டர்கள் கை, கால், கண்ணையே பெரிதாகப் பார்த்தார்கள். இன்றைய கணக்குப்படி நோயாளிகளில் நூற்றுக்கு 40 முதல் 65 பேருக்கு யோசனையில் ஏதாவது ஒரு சிரமம் இருக்கிறது. நன்றாக நடப்பவர்களுக்கும் இது வரலாம்.

முதலில் அடிபடுவது வேகம். அடுத்து, புதிதாகக் கேட்டதை மனதில் பதிய வைப்பது, ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பது, சட்டென்று வார்த்தை எடுப்பது. ஆனால் சொல்வளம், பழைய ஞாபகங்கள், பொது அறிவு எல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ‘புத்தி மழுங்கிப் போச்சு’ என்பது தப்பு. புத்தி இருக்கிறது, பாதைதான் கரடுமுரடு.

இதை அளக்க எளிய பரீட்சை உண்டு. ஒன்பது குறிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். குறியைப் பார்த்து எண்ணைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். 90 விநாடியில் எத்தனை சரி என்று எண்ணுவார்கள்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

வேலை செய்யும் மூளையை ஸ்கேனில் படம் பிடித்தபோது ஓர் ஆச்சரியம் தெரிந்தது. அதே கணக்கைப் போட, எம்.எஸ். உள்ள சிலரின் மூளை மற்றவர்களைவிட அதிக இடங்களை வேலைக்குக் கூப்பிடுகிறது!

கள்ளக்குறிச்சி ரோட்டில் மரம் விழுந்தால் பஸ் என்ன செய்யும்? கிராமங்களுக்குள் புகுந்து சுற்றிப் போகும். ஊர் போய்ச் சேரும். ஆனால் நேரமும் டீசலும் கூடுதல். நோயாளி சாயங்காலத்துக்குள் சோர்ந்து விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். நோய் அதிகமாகி, சுற்றுப் பாதைகளும் அடைபட்டால்தான் தடுமாற்றம் வெளியே நன்றாகத் தெரியும்.

கத்திரி வெயில் ஜாக்கிரதை!

உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே, உறை போன நரம்பில் செய்தி தடைபடும். உட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் டாக்டர் 1890-லேயே இதைக் கவனித்தார். எனவே நம்மூர் வெயிலில் அலைந்துவிட்டு வந்ததும் குழப்பம் கூடினால் பதற வேண்டாம். நிழல், மின்விசிறி, குளிர்ந்த நீர் போதும், சரியாகிவிடும். ஆனால் காய்ச்சல், வெயில் இல்லாமலே புதிய தொந்தரவு வந்து 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் ஓடுங்கள்.

என்ன செய்யலாம்?

மறதி எல்லாம் எம்.எஸ். அல்ல. தைராய்டு கோளாறு, பி12 குறைவு, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவையும் மறதி தரும். எம்.எஸ். உள்ளவருக்கே இவையும் சேர்ந்து இருக்கலாம். அவற்றைக் குணப்படுத்தினாலே பாதி தெளிவு வரும்.

சிறுவங்கூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியில் முதலில் காட்டி, தேவைப்பட்டால் புதுச்சேரி ஜிப்மர் அல்லது சென்னை அரசு பொது மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போகலாம். நோயின் தாக்குதல்களைக் குறைக்க இன்று ஊசியும் மாத்திரையும் இருக்கின்றன. சீக்கிரம் ஆரம்பித்தால் நல்லது. மறதிக்கென்று நிரூபணமான தனி மாத்திரை கிடையாது. மூளைப் பயிற்சியும், அளவான உடற்பயிற்சியும் உதவும்.

2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் இந்த நோயும் ஒன்று. சான்றிதழ், உதவி பற்றி மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு:

• ஒரு நேரத்தில் ஒரே விஷயம் சொல்லுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள்.

• பேசும்போது டி.வி.யை நிறுத்துங்கள்.

• கணக்கு, பேங்க் வேலைகளைக் காலையிலேயே முடிக்க விடுங்கள். மத்தியானம் ஓய்வு அவசியம்.

• சாவி, கண்ணாடி, மாத்திரை ஆகியவற்றுக்கு நிரந்தர இடம். மற்றதுக்கு ஒரு சின்ன நோட்டு, செல்போன் அலாரம்.

• முக்கியமாக, வேலையைப் பிடுங்காதீர்கள். செய்யும் முறையை மாற்றிக் கொடுங்கள்.

நம் மளிகைக் கடைக்காரர் கணக்கு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். காலையில் கூட்டம் வரும் முன்பு, பக்கத்தில் ஒரு கால்குலேட்டரோடு! மாமியாரும் “மனசு எங்கே இருக்கு?” என்பதற்குப் பதிலாக, “மெதுவா சொல்லும்மா, நான் இருக்கேன்” என்று சொல்லட்டும். செலவில்லாத வைத்தியம் அது.