மாமனாரின் தோள் அளவு

அன்புள்ள மாணவிக்கு,

பணி ஓய்வு பெறப்போகும் உன் மாமனாருக்கு நல்ல ஷாட்கன் ஒன்று பரிசளிக்க விரும்புவதாக எழுதியிருந்தாய். மினசோட்டாவின் வடக்குக் காடுகளில் கிரவுஸ் என்ற பறவையை வேட்டையாடுபவர், நாய் பழக்கி வைத்திருப்பவர், பல வருடமாக ஒரே துப்பாக்கியோடு இருப்பவர் என்ற விவரங்களும் கிடைத்தன. எந்தக் கம்பெனியில் வாங்கலாம் என்பது உன் கேள்வி. கூடவே, ரவை சிதறிப் பரவும் துப்பாக்கிதானே, குறி கொஞ்சம் தப்பினாலும் பறவை விழுந்துவிடும், ஆகவே பேரையும் வேலைப்பாட்டையும் பார்த்து வாங்கினால் போதும் என்றும் சேர்த்திருந்தாய். என்னை உட்கார்ந்து எழுத வைத்தது அந்த வாக்கியம்தான். துப்பாக்கியைச் சினிமாவில் மட்டும் பார்த்தவர்கள் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. பௌதிகம் படித்த நீ ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா?

இப்போதாவது போட்டுப் பார். ரைஃபிளில் கண்ணருகே ஒரு குறியும் குழல்முனையில் ஒரு குறியும் இருக்கும். இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்திச் சுடுகிறார்கள். ஷாட்கன்னில் முனையில் ஒரு சின்ன மணி மட்டும்தான் உண்டு. பின்குறியின் வேலையைச் சுடுபவரின் கண்ணே செய்கிறது. கன்னம் துப்பாக்கியின் பின்பக்க மரக்கட்டையில் எங்கே பதிகிறதோ, அங்கேதான் கண்ணும் நிற்கும். கண்ணிலிருந்து குழல்முனை ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம். பறவை 25 மீட்டர் தூரத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள். கண் இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே இருந்தால், ரவைக் கூட்டத்தின் நடுப்பகுதி பறவைக்கு ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் மேலே போகும். அந்தத் தூரத்தில் நம்பத்தக்க பரப்பு, நடுவிலிருந்து எந்தப் பக்கமும் 35, 40 சென்டிமீட்டர்தான். அதன் ஓரத்தில் ரவை அடர்த்தியாக இருப்பதுமில்லை. ஆக, சுடுபவர் எந்தத் தவறும் செய்யாமலே, கட்டையின் அளவு ஒன்றே அவருக்குக் கிடைத்த இடத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. பறவையின் வேகத்தைக் கணிப்பதில் அவர் கையளவு தவறினாலும் வெடி வீண். சிதறுவதால் அளவு முக்கியமில்லை என்றாய். சிதறும் வட்டம் இவ்வளவு சிறியது என்பதால்தான் அளவு முக்கியம்.

இங்கே மூன்று அளவுகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது கட்டையின் நீளம், அதாவது விசையிலிருந்து தோளில் பதியும் அடிப்பாகத்தின் நடுவரை. தொழிற்சாலைத் துப்பாக்கிகளில் இது பெரும்பாலும் 36, 37 சென்டிமீட்டர். நீளம் அதிகமானால் தூக்கும்போது அக்குளில் சிக்கும். குறைந்தால் பெருவிரல் மூக்கில் இடிக்கும். கனத்த குளிர்கோட்டு போட்டால் அதே ஆளுக்கே கட்டை சற்று நீளமாகிவிடும். மினசோட்டாவில் கிரவுஸ் பருவம் செப்டம்பரில் தொடங்கிப் பனி விழுந்த பிறகும் நீள்வதால் இதை அலட்சியம் செய்யக் கூடாது. இரண்டாவது, கன்னம் படியும் விளிம்பு குழலின் மேல்கோட்டுக்கு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது. கண் உயர்ந்தால் வெடியும் உயரும், தாழ்ந்தால் முனைமணியே கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது, கட்டை பக்கவாட்டில் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது. வலக்கைக்காரருக்கு வெளிப்புறமாக, அவருடைய வலப்பக்கம் சற்று ஒதுங்கியிருந்தால் கண் தானாகவே குழலுக்கு நேராக வந்து நிற்கும். இடக்கைக்காரருக்கு இதற்கு நேர்மாறு. உன் மாமனார் இடக்கைக்காரரா என்று நீ எழுதவே இல்லை! வலக்கைக்காரராக இருந்தும் இடக்கண் ஓங்கியவர்கள் உண்டு. அவர்களுக்குக் கணக்கு முழுவதுமே மாறும். லண்டனின் பழைய துப்பாக்கிக் கம்மியர்கள் கீல் வைத்து எல்லாப் பக்கமும் நகர்த்தக்கூடிய சோதனைத் துப்பாக்கி ஒன்றை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, அவர் தூக்கும்போதெல்லாம் திருகுகளை மாற்றி அளவெடுப்பார்கள். வால்நட் கட்டையைச் செதுக்குவது அதற்குப் பிறகுதான்.

இந்த விஷயத்தில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது ராபர்ட் சர்ச்சில் என்ற லண்டன் துப்பாக்கிக் கம்மியரை. 1955-இல் வந்த அவருடைய ‘கேம் ஷூட்டிங்’ நூலின் அடிப்படை ஒன்றே ஒன்று: பார்வை பறவையை விட்டு அகலக் கூடாது, துப்பாக்கியைப் பார்க்கவே கூடாது. பார்க்காமலே அது பார்வையின் வழியில் போக வேண்டுமென்றால் உடம்புக்குப் பொருந்தியே இருக்க வேண்டும். வேறு வழி கிடையாது. 25 அங்குலக் குழல்தான் சிறந்தது என்ற அவருடைய பிடிவாதத்தை இன்று பலர் ஏற்பதில்லை. எனக்கும் அதில் உடன்பாடில்லை. ஆனால் அதைக் காட்டிப் பொருத்தம் பற்றிய அவர் வாதத்தையும் சேர்த்து ஒதுக்குவது அநியாயம். இங்கிலாந்து நீதிமன்றங்களில் துப்பாக்கி நிபுணராகச் சாட்சி சொன்னவரும் இவரே. 1927-இல் காவலர் கட்டரிஜ் கொலையான வழக்கில், தோட்டாவின் அடியில் பதிந்திருந்த தடத்தைக் கொண்டு சுட்ட ரிவால்வரை அடையாளம் காட்டினார். உலோகத்தில் மயிரிழை வித்தியாசம் பார்த்துப் பழகியவர், தோளில் அரை அங்குலம் பிசகினால் பரவாயில்லை என்று சொல்வாரா?

தொழிற்சாலையில் எல்லாருக்கும் ஒரே அளவில் செய்த துப்பாக்கிகள் லட்சக்கணக்கில் விற்கின்றனவே, அவற்றை வைத்திருப்பவர்கள் பறவை வீழ்த்தவில்லையா என்று நீ கேட்பாய். நியாயமான கேள்விதான். வின்செஸ்டரின் மாடல் 12 1912-இல் வந்தது. ரெமிங்டன் 870 1950-இல் வந்து ஒரு கோடிக்கு மேல் செய்யப்பட்டுவிட்டது. இரண்டும் உறுதியான, நேர்மையான துப்பாக்கிகள். சராசரி உடம்புக்கு அவை ஓரளவு பொருந்தவும் செய்யும். சராசரியிலிருந்து விலகியவர்கள் கழுத்தை வளைத்து, தோளைக் குறுக்கித் தங்களையே துப்பாக்கிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்கிறார்கள். களிமண் தட்டு சுடும் திடலில், முன்கூட்டியே தோளில் பொருத்திக் காத்திருப்பவருக்கு அந்தச் சரிக்கட்டல் கைகொடுக்கும். கிரவுஸ் அப்படி அவகாசம் தருவதில்லை. இளம் ஆஸ்பன் மரங்களுக்கிடையே காலடியிலிருந்து இடிபோலச் சிறகடித்துக் கிளம்பி, கிளைகளுக்குள் திரும்பி மறைந்துவிடும். வேட்டைக்காரருக்குக் கிடைப்பது ஓரிரு விநாடி. ஸ்கீட் என்ற களிமண் தட்டு சுடும் விளையாட்டே மசாசூசெட்ஸின் ஆண்டோவரில் கிரவுஸ் வேட்டைக்காரர்கள் பயிற்சிக்காக உருவாக்கியது. அதைச் செம்மைப்படுத்தியவர்களில் ஒருவரான வில்லியம் ஹார்ன்டன் ஃபாஸ்டர் நியூ இங்கிலாந்து கிரவுஸ் வேட்டை பற்றி எழுதிய முழு நூல் ஒன்றே 1942-இல் வெளிவந்தது. அந்த ஓரிரு விநாடியில் கழுத்தை வளைத்துச் சரிசெய்ய நேரம் ஏது? இப்போது சில இத்தாலியக் கம்பெனிகள் கட்டைக்கும் துப்பாக்கியின் உலோக உடற்பகுதிக்கும் நடுவே வைக்கும் மெல்லிய தகடுகளைத் துப்பாக்கியோடு தருகின்றன. தாழ்வையும் வளைவையும் அவற்றால் கொஞ்சம் மாற்றலாம். கைக்கு அடக்கமான செலவில் இதுவே நல்ல தீர்வு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தத் தகடு என்று தெரிவதற்கும் அளவு வேண்டும்.

எடையில் கிரீனரின் விதியை மறக்காதே. ‘தி கன் அண்ட் இட்ஸ் டெவலப்மென்ட்’ எழுதிய பர்மிங்ஹாம் கம்மியர் அவர். துப்பாக்கியின் எடை ரவையின் எடையைப் போல 96 மடங்கு இருக்க வேண்டும் என்றார். 28 கிராம் ரவைக்கு ஏறக்குறைய 2.7 கிலோ. அதைவிடக் குறைந்தால் உதை தோளைப் பதம் பார்க்கும். மிகவும் கூடினால் நாள் முழுக்கக் காட்டில் சுமக்கும் கை மாலையில் தாமதமாகத்தான் எழும்பும். கிரவுஸுக்கு 20 கேஜ் இரட்டைக்குழல் தாராளமாகப் போதும், குழல்முனையை ஒடுக்கும் ‘சோக்’ அதிகம் இறுக்காததாக இருக்கட்டும். குழல் நீண்டால் அதிக தூரம் போகும் என்று கடையில் யாராவது சொன்னால் நம்பாதே. இன்றைய வெடிமருந்து குழலின் முற்பாதியிலேயே பெரும்பாலும் எரிந்து முடிந்துவிடுகிறது.

வேலைப்பாட்டை நான் இழிவாகச் சொல்லவில்லை. லண்டன் துப்பாக்கிக் கம்மியரான பர்டியின் பட்டறை 1814-இல் தொடங்கியது; அங்கே கைச்செதுக்கலாக ரோஜாக்கொத்து இழைப்பவரின் உளியை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் செதுக்கல் தரத்தின் சாட்சி ஆகாது. தரத்தை வேறு இடங்களில் பார்க்க வேண்டும். கட்டை மணிக்கட்டுபோல ஒடுங்கும் இடத்தில் மரத்தின் ரேகை நேராக ஓடுகிறதா? அங்கே குறுக்கே ஓடினால், எத்தனை அழகான வால்நட் மரமாக இருந்தாலும் ஒருநாள் பிளக்கும். விசை சுத்தமாக, இழுபடாமல் விடுபடுகிறதா? இரண்டு குழல்களும் ஒரே இடத்தில் ரவையை இடுகின்றனவா? இந்தக் கடைசிச் சோதனைக்குத் தாள் வைத்துச் சுட்டுப் பார்ப்பது தவிர வேறு வழியில்லை. விலைச்சீட்டில் இதில் எதுவும் எழுதியிருக்காது.

பழைய ஆங்கிலத் துப்பாக்கி ஒன்றில் உன் கண் விழுந்திருப்பதாகத் தெரிகிறது. அதில் ஒரு ஆபத்து உண்டு, கவனமாகக் கேள். அவற்றில் பலவற்றின் அறை 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானது. இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டா, வாய் மடிந்திருப்பதால், உள்ளே நுழைந்துவிடும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் 1991 முதல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை தடை செய்யப்பட்டிருக்கிறது. மாமனார் வாத்தும் சுடுபவர் என்றால் எஃகு ரவை போட வேண்டிவரும். பழைய மெல்லிய, இறுக்கமான சோக் உள்ள குழல்கள் அதைத் தாங்காது. கம்மியர் ஒருவர் அறையை அளந்து, குழலின் சுவரை அளந்து சொல்லாமல் அதைத் தொடாதே.

அளவெடுத்தால் பரிசின் ஆச்சரியம் போய்விடும் என்பது உன் அடுத்த மறுப்பு. போகட்டும். பொருந்தாத துப்பாக்கி கொடுத்த ஆச்சரியம் ஒரு மாலை நிற்கும். அதற்குப் பிறகு அது கண்ணாடி அலமாரிக்குத்தான் போகும். ஆனாலும் ஒரு வழி இருக்கிறது. தையற்காரரிடம் அளவு ரவிக்கை கொடுக்கிறாய் அல்லவா, அதுபோல அவர் நன்றாகச் சுடும் பழைய துப்பாக்கியையே அளவுக்குக் கொடுக்கலாம். மாமியாரிடம் சொன்னால் உதவுவார். ஆயினும் அந்தப் பழைய துப்பாக்கிக்கே அவர் கழுத்தை வளைத்துப் பழகியிருக்கக்கூடும். ஆகவே நான் விரும்புவது, கடையின் பரிசுச் சீட்டையும் அளவெடுக்கும் செலவையும் சேர்த்துக் கொடுப்பதைத்தான். சட்டமும் அதற்கு ஒத்தாசை செய்கிறது. சொந்தப் பணத்தில் உண்மையான பரிசாக வாங்கித் தருவது அங்கே செல்லும். வேறொருவர் பணத்தை வாங்கிக்கொண்டு நீயே வாங்குபவர் என்று படிவத்தில் கையெழுத்துப் போடுவது குற்றம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் ஏப்ராம்ஸ்கி வழக்கில் உறுதி செய்தது. நீ இன்னும் வேலை விசாவில்தான் இருக்கிறாய் என்றால் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூட்டாட்சிச் சட்டம் உன்னைத் தடுக்கிறது. செல்லத்தக்க வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. பரிசுச் சீட்டு என்றால் அவரே கடைக்குப் போய்ப் படிவம் எழுதுவார், தோளையும் காட்டுவார்.

வேட்டையே உனக்கு மனம் ஒப்பாததாகக் கடைசியில் எழுதியிருந்தாய். அந்த மனத்தை மாற்ற நான் வரவில்லை. ஆனால் பொருந்தாத துப்பாக்கி எந்தப் பறவையையும் காப்பாற்றுவதில்லை. ஓரத்து ரவை ஒன்றிரண்டு பட்ட கிரவுஸ் பறந்துபோய், நாயும் கண்டுபிடிக்காத புதரில் நாள் கணக்கில் கிடந்து சாகும். நடுக்கூட்டம் சரியாகப் பட்டால் காற்றிலேயே முடிந்துவிடும். மறுப்பு உனக்கு எவ்வளவு பலமோ, அளவில் நீ அவ்வளவு கண்டிப்பாக இருக்க வேண்டும் அம்மா.

மாமனார் எந்தக் கையால் சுடுகிறார், எந்தக் கண் ஓங்கியது, குளிர்கோட்டோடு எடுத்த அளவு என்ன, பழைய துப்பாக்கியின் எடை என்ன, அவர் வாத்துக்கும் போவதுண்டா என்பதையெல்லாம் கேட்டு எழுது. கம்பெனிப் பெயரை அதற்குப் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்