அவசரக்காரனுக்கு ஆகாத மாடு

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், ராக்ஹாம்ப்டனுக்கு மேற்கே, ஃபிட்ஸ்ராய் ஆற்றுப் படுகையில் இருக்கிறது எங்கள் குடும்பப் பண்ணை. வாக்யூ மாடு வளர்க்க ஆசைப்பட்டு வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இறைச்சியின் விலையை. நான் முதலில் காட்டுவது புல்லை. என் தலை நரைக்கும் வரை கற்றதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. மாட்டின் குணத்தை அறிந்துகொள்ளுங்கள். வாக்யூ என்றால் ஜப்பானிய மாடு என்றுதான் பொருள். இறைச்சிக்குப் பேர் வாங்குவதற்கு முன் அது ஏர் இழுத்த மாடு. மலைச்சரிவு வயல்களில் உழைத்து, வீட்டில் ஒருவராக வாழ்ந்தது. தசைக்குள் கொழுப்பை இழையோட விடும் அந்த இனம் மெதுவாகவே முதிரும். அதை விரட்டி வளர்க்க முடியாது. நம்முடைய அவசரத்தைத்தான் குறைத்துக்கொள்ள வேண்டும்.

2. மாட்டை எண்ணுவதற்கு முன் புல்லை எண்ணுங்கள். இங்கே கோடையில்தான் மழை. அது ஏப்ரலுக்குள் ஓய்ந்தால் அடுத்த நல்ல மழைக்கு ஏழெட்டு மாதம் ஆகும். 500 கிலோ பசு ஒன்று நாளுக்கு 10 முதல் 12 கிலோ உலர்புல் தின்னும். 200 நாளுக்கே இரண்டு டன்னுக்குக் குறையாது. நூறு பசு வைத்திருப்பவர் இதை நூறால் பெருக்கிப் பார்க்கட்டும். அதுவும் நிற்கும் புல்லில் பாதிதான் மாட்டுக்கு, மறுபாதி மண்ணுக்கு. கணக்கு இடித்தால் மே மாதமே, மாடு கொழுகொழுவென்று இருக்கும்போதே விற்றுவிடுங்கள். எலும்பு தெரிந்த பிறகு சந்தைக்குப் போனால் ஊரே உங்களோடு வரிசையில் நிற்கும்.

3. மண்ணை மூடி வையுங்கள். செப்டம்பர் முடிவில் தரையில் பாதியாவது புல்லோ சருகோ போர்த்தியிருக்க வேண்டும். வெறும் தரையில் முதல் இடிமழை விழுந்தால் மேல்மண் ஓடைக்குப் போகும். ஓடை ஃபிட்ஸ்ராயில் சேரும். ஃபிட்ஸ்ராய் பெரும் பவளத்திட்டு இருக்கும் கடலில் கலக்கும். நம் காட்டு மண் அங்கே பவளத்தின் மேல் படியும். ஆற்றங்கரைக்கு வேலி போடுங்கள். தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுவாருங்கள்.

4. சவுண்டலைப் பழக்குங்கள், ஆனால் கவனத்தோடு. நம் ஊரில் சூபாபுல் என்றும் சொல்வோமே, அதே மரம்தான். இங்கே வரிசையாக நட்டு, இடையில் புல் விட்டு மேய்க்கிறோம். மாடு நன்றாக எடை போடும். வயிற்றில் உண்டாகும் மீத்தேனும் குறையும். ஆனால் அதில் மைமோசின் என்ற நஞ்சு உண்டு. ஹவாய் ஆடுகள் அதைத் தின்றும் நலமாக இருந்ததைக் கவனித்த ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ், அவற்றின் இரைப்பையில் நஞ்சைச் சிதைக்கும் நுண்ணுயிர் வாழ்வதைக் கண்டறிந்தார். 1980களில் அது இங்கே கொண்டுவரப்பட்டது. சவுண்டல் காட்டுக்குள் விடும் மாட்டுக்கு அந்த நுண்ணுயிர்க் கரைசலை வாய்வழி கொடுத்துவிடுங்கள். விதை கண்ட இடத்தில் முளைக்கும்; ஆகவே ஓடைக்கரையில் நடவே கூடாது.

5. உண்ணியை மறக்காதீர்கள். திமில் இல்லாத வாக்யூவை உண்ணி எளிதில் பிடிக்கும். உண்ணிக் காய்ச்சல் மாட்டைக் கொல்லும். மூன்று மாதத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் இடையில் கன்றுக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள். புதியவர்கள் பிராமன் கலப்புப் பசுக்களோடு வாக்யூ காளையைச் சேர்த்துத் தொடங்குவது நல்லது. பிராமன் நம் இந்தியத் திமில் மாடுகளிலிருந்து உருவாக்கிய இனம். வெயிலும் உண்ணியும் அதன் இரத்தத்துக்குப் பழகியவை.

6. காளையின் மரபணுவைப் பார்க்காமல் பணத்தை எண்ணாதீர்கள். 1939இல் பிறந்த தஜிரி என்ற ஒரு காளையின் வழியில் வந்தவைதான் வாக்யூவில் ஒரு வகையான இன்றைய ஜப்பானியக் கருப்பு மாடுகள் ஏறக்குறைய எல்லாமே. உறவு அவ்வளவு நெருக்கம் என்பதால் மறைந்திருக்கும் குறைகளும் உண்டு. தொடக்கத்தில் தோற்றத்தை நம்பி ஒரு காளை வாங்கினேன். சிறுநீரகம் கெட்டு, வளராமல், சில கன்றுகள் என் கண்ணெதிரே தேய்ந்து செத்தன. காளையிலும் பசுவிலும் ஒரே குறை ஒளிந்திருந்தால் நான்கில் ஒரு கன்றுக்கு அந்த ஆபத்து. ஒரு வால்மயிர்ச் சோதனை அதை முன்பே சொல்லியிருக்கும்.

7. கன்றின் முதல் எட்டு மாதத்தில் குறை வைக்காதீர்கள். தசைக்குள் கொழுப்பு சேரும் உயிரணுக்கள் பெரும்பாலும் அப்போதே உருவாகிவிடும். அந்த நாளில் பட்டினி கிடந்த கன்றுக்குப் பின்னால் கொட்டும் தானியம் அந்தக் குறையை முழுவதும் தீர்க்காது. பால் மறக்கடிக்கும்போது பட்டியில் கூடவே இருந்து, குரல் உயர்த்தாமல், கையால் தீவனம் போட்டுப் பழக்குங்கள். மிரண்டு வளர்ந்த மாட்டின் இறைச்சி கறுத்து, கடினமாகலாம்.

8. மூன்றாண்டுச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். சினைக்கு ஒன்பது மாதம். புல்லில் ஓராண்டுக்கு மேல். பிறகு தானியப் பட்டியில் 350 நாளோ அதற்கு மேலோ. சிறு குடும்பம் தானியப் பட்டி வரை இழுக்க வேண்டாம். புல்லில் வளர்த்து, 300 கிலோ அளவில் பட்டிக்காரருக்கு விற்றாலே கடன் ஏறாமல் தப்பலாம்.

9. ஆண்டுக்கு ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு செப்டம்பர் முடிவிலும் ஒரே வேலிக்கம்பின் எதிரே நின்று ஒரே திசையில் படம் எடுப்போம். முதல் படத்தில் கம்பின் அடி வரை செம்மண் தெரிகிறது. போன ஆண்டு படத்தை என் பேத்தி எடுத்தாள். மழையில்லாத மாதம், ஆனாலும் கம்பைச் சுற்றி முழங்கால் உயரப் புல். விலை கேட்டு வரும் பிள்ளைகளிடம் இந்த இரண்டு படங்களையும்தான் கொடுக்கிறேன்.