புது செல்லா, பழைய சரக்கா? ரெசிஸ்டர் சொல்லும்

புதுசுன்னு வாங்கின 2000 எம்ஏஎச் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு ஏஏ செல், ப்ராஜெக்ட் டெமோ நடுவே படுத்துடுதா? கடையில் பல வருஷம் கிடந்த சரக்காக இருக்கலாம். வோல்ட்மீட்டரை மட்டும் நம்பாதீங்க. லோடு இல்லாதபோது பழைய செல்லும் 1.3 வோல்ட் காட்டும்.

சோதனை: 200 மில்லிஆம்பியரில் 16 மணி நேரம் சார்ஜ். ஒரு மணி நேரம் ஆறவிட்டு, 3.3 ஓம், 1 வாட் ரெசிஸ்டரை மாட்டுங்க. கரன்ட் சுமார் 0.36 ஆம்பியர். 1.0 வோல்ட் வந்ததும் கழற்றி நேரத்தைக் குறியுங்க. நல்ல செல் ஐந்தரை மணி நேரம் தாங்கும். 3 மணி நேரம்தான் என்றால், கொள்ளளவு சுமார் 1,080 எம்ஏஎச்.

உடனே தூக்கிப் போடாதீங்க. இதே சுற்றை 3 முதல் 5 தடவை செய்தால், சும்மா கிடந்த செல் பெரும்பாலும் தேறும். நேரம் கூடவே இல்லையென்றால், அது தேய்ந்த செல், மின்கழிவுப் பெட்டிதான்.

லித்தியம் செல்லுக்கு இந்த வைத்தியம் வேண்டவே வேண்டாம். 2 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கிடந்ததை சார்ஜ் செய்தால், உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம்.