பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்?

மேல்விஷாரத்தில் பல வீட்டுப் பரண்களில் அரசு கொடுத்த இலவச லேப்டாப் இன்னும் இருக்கும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. அதன் டெர்மினலில் 'எல்எஸ்சிபியு' கட்டளையைத் தட்டிப் பாருங்கள். 64 பிட் என்று காட்டினால், உள்ளே இருப்பது 32 பிட் விண்டோஸாக இருந்தாலும் 64 பிட் லினக்ஸ் தாராளமாக ஓடும்.

டவுன்லோட் பக்கத்தில் பிள்ளைகள் தடுமாறுவது 'ஏஎம்டி64' என்ற பெயரில்தான். இன்டெல் ப்ராசசருக்கும் அதுவேதான், தயங்காமல் எடுங்கள். 'ஆர்ம்64' ராஸ்பெரி பை போன்றவற்றுக்கு; இந்த லேப்டாப்பில் பூட்டே ஆகாது. 32 பிட் மட்டுமே என்றால் டெபியன் லினக்ஸ் 12-இன் 'ஐ386' பாருங்கள். டெபியன் 13-இல் அதற்கு இன்ஸ்டாலர் கிடையாது.

ராம் 2 ஜிபிதானா? க்னோம் டெஸ்க்டாப் வேண்டாம், இலகுவான எக்ஸ்எஃப்சிஇ போதும். டெபியனின் 'நெட்இன்ஸ்ட்' கோப்பு சின்னதுதான். ஆனால் மீதியை இன்ஸ்டால் செய்யும்போது நெட்டில் இழுக்கும். மொபைல் டேட்டாவை நம்பியிருப்பவர்கள் நல்ல வைஃபை கிடைக்கும் இடத்தில் முழு லைவ் ஐஎஸ்ஓவை இறக்கிவிடுவதே மேல். லினக்ஸ் அல்லாமல் ஃப்ரீபிஎஸ்டி பழக நினைப்பவர்கள் பென்டிரைவுக்கு 'மெம்ஸ்டிக்' கோப்பை எடுக்க வேண்டும். 'டிஸ்க்1' சிடி, டிவிடிக்கானது.