கொஞ்சப் பனியும் ஆபத்து

2022 அக்டோபர் 4, உத்தரகாசி மாவட்டம். திரௌபதி கா டண்டா-2 சிகரத்தில் மலையேறப் பயிற்சிக்குப் போனவர்களைப் பனிச்சரிவு மூடியது. 27 உடல்கள் மீட்கப்பட்டன. குளிர்காலமே தொடங்கவில்லை, அதற்குள்ளா?

ஆரம்பப் பனி மெல்லியதுதானே என்று நினைக்கிறோம். தரை ஏறக்குறைய 0 டிகிரி. மேலே காற்று மைனஸ் 15 என்று வையுங்கள். ஒரு முழப் பனிக்குள் இத்தனை வித்தியாசம்! நீராவி மேலேறி, அடிப்பனி சர்க்கரைபோல உதிரியாகிவிடும். அதன்மேல் காற்று குவிக்கும் புதுப்பனி பலகையாய் உட்காரும். இதைச் சொன்னதும், பள்ளிக்கூடம் போகாத கொத்தனாரான எங்க அப்பா, "உதிரி மணல்மேல தளம் நிக்குமாடா?" என்றார்.

30 முதல் 45 டிகிரி சரிவுதான் மோசம். நம் சர்வே லேபில் தூசி படிந்த கிளைனோமீட்டர் அங்கே உயிர் காக்கும். ஒவ்வொருவராகக் கடக்கணும். புதைந்தவரைத் தேட சிக்னல் தரும் டிரான்சீவர், துழாவும் கம்பி, மண்வெட்டி எல்லாரிடமும் இருக்கணும்; 15 நிமிடம் தாண்டினால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறையும்.