இரக்கம்: மனதின் உருக்கமா, அறிவின் தீர்மானமா?

"விசுவாசமும் இரக்கமும் வெறும் உணர்ச்சிகள்" என்கின்றனர் படித்த இளையோர் சிலர். "கடவுள் காரியத்தில் கணக்குப் பார்க்கலாமா?" என்கின்றனர் முதியோர் சிலர். இரு சாராரும் பாதியையே காண்கின்றனர்.

இறைவார்த்தை: லூக்கா 10:25-37

கள்வரிடம் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனைக் குருவும் லேவியனும் கண்டும் விலகிப் போயினர். சமாரியன் மனமிளகி நின்றான். அது உணர்ச்சி. ஆனால் அவன் அழுதுகொண்டு நிற்கவில்லை. காயங்களுக்கு மருந்திட்டுக் கட்டினான், தன் விலங்கின்மேல் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தான், இரண்டு நாட் கூலியான இரண்டு தெனாரியத்தைக் கொடுத்தான், மேற்செலவுக்கும் பொறுப்பேற்றான். இவை அறிவின் வேலை.

13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் இதை விளக்கினார்: பிறர் துயர் கண்டு வருந்துவது உணர்ச்சி, அதை அறிவு நெறிப்படுத்தும்போதே இரக்கம் புண்ணியமாகிறது.

விசுவாசமும் அப்படியே. விவசாயி மழையை நம்பிக் காலபோகத்துக்கு விதைக்கிறான். அதற்காக வரம்பு கட்டாமல் விடுவதில்லை.

எமது அனுபவம்

2009இல் நந்திக்கடலுக்கு அப்பால், முள்ளிவாய்க்காலில், அரிசியும் தண்ணீரும் உப்பும் கொண்டு கஞ்சி காய்ச்சப்பட்டது. பிள்ளைகளின் பசி பொறுக்காத மனமே அடுப்பை மூட்டியது. இருந்த அரிசியை எத்தனை பேருக்குப் பங்கிடலாம் என்று அளந்தது அறிவு. உருக்கம் மட்டும் இருந்தால் முன்வரிசையோடு கிடாரம் வெறுமையாகியிருக்கும். கணக்கு மட்டும் இருந்தால் அடுப்பே மூட்டப்பட்டிராது. வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு வருவோருக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் எமது அயலவர்களும் இதை அறிவர்: தாகத்தை உணர்வது மனம், குடங்களை எண்ணுவது அறிவு.

நாம் செய்யக்கூடியவை

விதைநெல்லோ உலர் உணவோ பங்கிடும் நாளை நினைத்துப் பாருங்கள். உரத்துக் கேட்பவருக்கே இரங்கினால், கேட்கக் கூச்சப்படும் விதவை வெறுங்கையோடு திரும்புவார். பட்டியலை மட்டும் பார்த்தால், இடம்பெயர்வில் குடும்ப அட்டையைத் தொலைத்தவர் தவறிவிடுவார். ஆகவே,

1. பெயர்ப் பட்டியலை எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள்.
2. "விடுபட்டவர் யார்?" என்று கேளுங்கள்.
3. விடுபட்டவரின் வீட்டுக்கு இருவர் நேரிற் சென்று பாருங்கள்.
4. அவருக்கென ஒரு பங்கை முன்னரே ஒதுக்கி வையுங்கள்.

கலந்துரையாட

1. எமது ஊரில் கேளாமலே இருந்துவிடும் குடும்பங்கள் எவை?
2. சென்ற முறை பங்கிட்டபோது கண்ணீருக்கு இரங்கினோமா, தேவைக்கு இரங்கினோமா?
3. எமது சங்கத்தின் விதிகளில் எது இரக்கத்துக்குத் தடையாக நிற்கிறது? அதை எப்படித் திருத்தலாம்?

இளகிய நெஞ்சும் தெளிந்த அறிவும் இறைவன் தந்த இரு கொடைகள். ஒன்றை விட்டு மற்றதால் அயலவனைத் தூக்கிவிட முடியாது.