முதன்முறை நடுவராகப் போகும் பிள்ளைகளுக்கு

டென்மார்க்கின் கோல்டிங்கில் வளர்ந்த உங்களில் சிலர் இந்த வருடம் நடுவர் மேசையில் இருக்கப் போகிறீர்கள். சிலர் தமிழ்ப் பேச்சுப்போட்டிக்கு, ஓரிருவர் டேனிஷ் பரீட்சைகளுக்கு வெளிப் பரீட்சகராக, இங்கே சொல்வதுபோல் ‘சென்சோர்’ ஆக. கேட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

1. புள்ளித்தாளைக் கண்டு ஏமாறாதீர்கள். உச்சரிப்புக்கு 20, பொருளுக்கு 30, மேடைப் பாங்குக்கு 10 என்று கட்டம் போட்டதே யாரோ ஒருவருடைய ரசனைதான். உச்சரிப்பைவிடப் பொருள் பெரிது என்று அவர் நினைத்திருக்கிறார், அவ்வளவுதான். மேடைப் பாங்குக்கு 6 போடுவதா 7 போடுவதா என்பதை அந்தத் தாள் சொல்லாது. கட்டங்களை நிரப்பிவிட்டுக் கூட்டினேன், எனக்கும் முடிவுக்கும் சம்பந்தமில்லை என்று கைகழுவுகிறவர்தான் எனக்குப் பயம் தருகிற நடுவர்.

2. குறை தேடப் போகிறீர்களா, நிறை தேடப் போகிறீர்களா என்று முதலிலேயே தீர்மானியுங்கள். இந்த நாட்டிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. 1963இல் வந்த பழைய பரீட்சைப் புள்ளி அளவுகோலின் உச்சி 13. வழமைக்கு மாறான, சுயசிந்தனை மிக்க திறமைக்கென்றே அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள். எல்லாம் சரியாகச் செய்தவருக்குக்கூட அது இலேசில் கிடைக்காது. 2007 வாக்கில் ஏழு படிகள் கொண்ட புதிய அளவுகோல் வந்தது: 12, 10, 7, 4, 02, 00, -3. 02 எடுத்தால் தேர்ச்சி. அது வந்தபோது 12க்குக் கொடுத்த விளக்கத்தைப் பாருங்கள்: குறை இல்லை, அல்லது முக்கியமில்லாத சில குறைகள் மட்டும். 10, 7, 4 எல்லாமே குறை எத்தனை, எவ்வளவு பெரிது என்றே இறங்கிப் போயின. பிள்ளைகள் துணிந்து எதையும் செய்யாமல் பிழை விடாமல் இருக்கப் பழகுகிறார்கள் என்று இங்கே பலர் குறைப்பட்டார்கள். நானும் அந்தக் கட்சி. ‘ழ’ தடுக்கினாலும் தன் தலையால் யோசித்துப் பேசும் பிள்ளையும், அம்மா எழுதிக் கொடுத்ததைப் பிசகாமல் ஒப்புவிக்கும் பிள்ளையும் ஒரே மேடையில் ஏறுவார்கள். யார் முந்துவார் என்பது பெரும்பாலும் நீங்கள் எதைத் தேடிக்கொண்டு போனீர்கள் என்பதில் இருக்கிறது.

3. பக்கத்து நடுவரோடு பேசுமுன் உங்கள் புள்ளியை எழுதிவிடுங்கள். மூத்தவர் “நல்லாச் செய்தவள், என்ன?” என்று கேட்ட பிறகு உங்கள் மனதில் இருந்தது கலைந்துவிடும்.

4. எழுதியபின் பேசுங்கள், தாராளமாக இழுபறிப்படுங்கள். டேனிஷ் பரீட்சையில் பரீட்சகரும் சென்சோரும் ஒத்துப்போகாவிட்டால் ஆளுக்கொரு புள்ளி போடுவார்கள். சராசரிக்கு நெருங்கிய படி முடிவாகும். ஒருவர் 7, மற்றவர் 10 என்றால் சராசரி 8.5, சரியாக நடுவில் நிற்கும். அப்போது 10 போட்டது சென்சோர் என்றால் 10, இல்லையென்றால் 7. அபிப்பிராயம் வேறுபடும் என்பதைச் சட்டமே எதிர்பார்த்து, வெளியாள் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. நமது போட்டிகளில் மூன்று நடுவருக்கும் ஒரே புள்ளி வந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

5. காரணத்தை எழுதி வையுங்கள். “பிடிக்கவில்லை” காரணம் அல்ல. “இரண்டாவது நிமிடத்துக்குப் பிறகு ஒரே கருத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்” காரணம். இங்கே பரீட்சைக் குறிப்புகளை ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும், முறைப்பாடு வந்தால் காட்டுவதற்கு. நீங்களும் அந்தத் தாள்களை அன்றிரவே குப்பையில் போடாதீர்கள்.

6. தீர்ப்பை எப்படிச் சொல்வது என்று பார்க்க ஒருமுறை கோல்டிங்ஹுஸ் கோட்டைக்குள் போய் நில்லுங்கள். 1808 மார்ச்சில், ஸ்பானியப் படையினர் தங்கியிருந்தபோது அது எரிந்தது. குளிர் தாங்காமல் அடுப்பில் விறகை அடுக்கினார்கள் என்பது ஊர்க்கதை. 1972 முதல் அதைச் சீரமைத்தவர்கள் கட்டடக் கலைஞர்களான இங்கர், யோஹன்னஸ் எக்ஸ்னர் தம்பதி. பழையபடியே கட்டுவதா, இடிபாடாக விடுவதா? எந்த அளவுநாடாவும் இதற்குப் பதில் சொல்லாது. உடைந்த செங்கல் சுவரை உடைந்தபடியே விட்டு, உள்ளே மரப்பலகைகளை ஒட்டிச் செய்த தூண்களை நிறுத்தினார்கள். ஓக் மர ஓடுகளால் புதுச் சுவரைப் போர்த்தினார்கள். சிலருக்கு அது பிடிக்காமல் போகலாம். ஆனால் எது பழைய சுவர், எது எக்ஸ்னர் தம்பதியின் முடிவு என்று எவரும் குழம்ப முடியாது. பின்னால் வருகிறவர் அந்த மரத்தைக் கழற்றிவிட்டு வேறுமாதிரி யோசிக்கவும் இடம் உண்டு. உங்கள் தீர்ப்பையும் அப்படிச் சொல்லுங்கள். “பேச்சு நான்கு நிமிடம், மேற்கோள் இரண்டு” என்பது நடந்தது. “மனதைத் தொடவில்லை” என்பது நீங்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பூசி மெழுகாதீர்கள்.

7. சமப்புள்ளி வந்தால் சீட்டுக் குலுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளின்படி, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தெரியக் குடத்தில் ஓலை போட்டுச் சிறுபிள்ளையை எடுக்கச் சொன்னார்கள். ஆனால் அதற்கு முன்பே வயது, நிலம், கல்வி, நடத்தை என்று சலித்துவிட்டுத்தான் குடத்துக்குப் போனார்கள். அப்படிச் சலிப்பதற்கும் தீர்ப்பு தேவைப்பட்டிருக்கும். வாரியத்துக்கு ஆள் எடுக்க அது சரி. பேசி முடித்த பிள்ளையிடம் “உன் சீட்டு வரவில்லை” என்று சொல்ல எனக்கு மனம் வராது. பரிசைப் பகிர்ந்து கொடுங்கள்.

8. முதல் பிள்ளைக்குப் போட்ட புள்ளியைப் பத்தாவது பிள்ளைக்குப் பிறகு திரும்பிப் பாருங்கள். தொடக்கத்தில் கை இறுகியும் சாப்பாட்டுக்குப் பிறகு தளர்ந்தும் இருக்கும்.

9. அக்காவின் மகள் மேடை ஏறினால் எழுந்து வெளியே போய்க் கோப்பி குடியுங்கள். “எனக்குப் பாரபட்சம் இல்லை” என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். பெரும்பாலும் நம்மவர் சொந்தப் பிள்ளைக்குக் கூட்டிப் போடுவதில்லை, ஊர் கதைக்கும் என்று பயந்து குறைத்துத்தான் போடுவார்கள். அதுவும் அந்தப் பிள்ளைக்கு அநியாயம்.